கவிதா கடையைக் காலி செய்கிறாள்

(சிவகாசியில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம். கார்ட்டூன் வரைந்து காலண்டர் போட்டு விற்கும் கவிதா, லேப்டாப்போடு உள்ளே வருகிறாள்.)

கவிதா: அண்ணாச்சி, விசிட்டிங் கார்டு அடிக்கிறத நிப்பாட்டுங்க. நான் இன்ஸ்டாகிராமை விட்டுப் போறேன்.

அண்ணாச்சி: ஆயிரமும் அடிச்சு, வெட்டி, கட்டு கட்டியாச்சும்மா! 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. பின்பக்கம் பூரா உன் இன்ஸ்டா க்யூஆர்தான். இப்ப வந்து என்ன கோவம்?

கவிதா: கோவம் இல்ல. காலண்டர் வாங்குற லிங்க்கைப் படத்துக்குக் கீழ எழுதினா, தொட்டாலும் திறக்காது. படத்தை யாருக்குக் காட்டணும்னும் அவன்தான் முடிவு பண்றான். 12,000 பேர் பின்தொடர்றாங்க, ஒருத்தர் நம்பர்கூட என்கிட்ட இல்ல.

அண்ணாச்சி: மொத்தத்தையும் டவுன்லோடு பண்ணலாமாமே?

கவிதா: பண்ணிட்டேன். அக்கவுண்ட்ஸ் சென்டர்ல கேட்டா ஜிப் ஃபைலாக் கட்டிக் குடுக்குறான். நாலு நாளைக்குள்ள இறக்கிடணும், இல்லேன்னா திரும்பக் கேக்கணும். பின்தொடர்றவங்க பட்டியலும் இருக்கு. ஆனா பேர் மட்டும்தான்.

அண்ணாச்சி: ஊரும் இல்லாம தொகையும் இல்லாம மொய் நோட்டு எழுதுன மாதிரி!

கவிதா: அதாவது பரவால்ல. (லேப்டாப்பைத் திருப்பி) அந்த ஃபைல்ல என் தமிழைப் பாருங்க.

அண்ணாச்சி: (கண்ணாடியை ஏற்றிவிட்டு) ஏம்மா, வரிக்கு வரி வட்டத்துக்குள்ள ஆர் ஆர்னு வருது? உன் தமிழை டிரேட்மார்க் பதிஞ்சுட்டானா?

கவிதா: ஜேசன்னு (JSON), புரோகிராம் படிக்கிற ஒரு ஃபைல் வடிவத்துல கேட்டதால வந்த வினை. எழுத்தை பைட்டாக்கி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில 'க' மாதிரி ஒரு தமிழ் எழுத்துக்கு மூணு பைட். அவன் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா எழுதி வச்சிருக்கான். முதல் பைட் தலையில கோடு வச்ச ஏ, ரெண்டாவது பெரும்பாலும் இந்த வட்ட ஆர். இதை லத்தீன்-1ங்கிற பழைய முறையில பைட்டா மாத்தி, யூடிஎஃப்-8ன்னு படிச்சா தமிழ் திரும்பி வந்துரும். அந்தத் தலைவலி வேணாம்னா, கேக்கும்போதே பிரவுசர்ல திறக்குற எச்டிஎம்எல்னு கேட்டுரணும்.

அண்ணாச்சி: படமாவது பத்திரமா இருக்கா? அதையே அடுத்த காலண்டருக்குப் போட்டுரலாம்.

கவிதா: இருக்கு. அகலம் 1080 பிக்சல்.

அண்ணாச்சி: (கால்குலேட்டரைத் தட்டி) அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. அதால வகுத்தா 3.6 அங்குலம். தாயி, இது காலண்டர் இல்ல, தீப்பெட்டி லேபிள்! ஏ4க்கே 2480க்கு 3508 வேணும். ஒரிஜினல் ஸ்கேன் எங்க?

கவிதா: பாதி ஹார்ட் டிஸ்க்ல. மீதி... பழைய போன்ல.

அண்ணாச்சி: அந்தப் போன் எங்க?

கவிதா: தேடணும்.

அண்ணாச்சி: தேடிட்டு வெளிநடப்பு பண்ணு.

கவிதா: சரி, அது கெடைச்ச அன்னிக்கு ராத்திரியே டெலிட்.

அண்ணாச்சி: அப்புறம் உன் பேர்ல வேற எவனாவது கடை விரிச்சு, உன் காலண்டர்னு சொல்லிக் காசு வாங்கினா?

கவிதா: (கொஞ்சம் யோசித்து) அது நடக்கும். 30 நாள் அவகாசம் தர்றான், அதுக்குள்ள லாகின் பண்ணி மனசு மாறலாம். அதுக்கு மேல கணக்கு போச்சு. அந்தப் பேரை வேற யாரும் எடுத்துக்கலாம்.

அண்ணாச்சி: தற்காலிகமா மூடி வைக்கலாம்ல?

கவிதா: மூடினா பக்கமே மறைஞ்சுரும். புது முகவரியை எங்க சொல்றது? மேல மூணு பதிவு பின் பண்ணலாம். மூணுலயும் புது முகவரி, பயோலயும் அதே. புதுசா எதுவும் போட மாட்டேன்.

அண்ணாச்சி: ஆக, நீ போகல. போர்டு மாட்டிட்டு வாசல்ல நிக்கிற. சரி, என் ஆயிரம் கார்டு?

கவிதா: பழைய க்யூஆர் மேல ஸ்டிக்கர் ஒட்டுவோம். நான் வாங்கின டொமைனுக்கு, அதாவது என் சொந்த இணைய முகவரிக்குப் போற க்யூஆர். நாளைக்குக் கடையை எங்க மாத்தினாலும் அங்கருந்து திருப்பி விட்டுக்கலாம், கார்டைத் தொட வேண்டாம். வருஷா வருஷம் டொமைனுக்குப் பணம் கட்ட மட்டும் மறக்கக் கூடாது.

அண்ணாச்சி: ரெண்டு செண்டிமீட்டருக்குக் கொறையாம குடு. சுத்தி நாலு கட்ட அளவு வெள்ளை விடணும். போன தடவை மாதிரி ஓரத்துல கோலம் போட்டேன்னா போன் படிக்காது, சொல்லிட்டேன்.

கவிதா: கோலம் இல்ல, அது பார்டர்.

அண்ணாச்சி: போனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். புதுப் படம் வந்தா ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்?

கவிதா: இப்போதைக்கு, இனி நம்பர் குடுக்குறவங்களுக்கு வாட்சப் பிராட்காஸ்ட். ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாப் போகும். ஒரு லிஸ்டுக்கு 256 பேர்.

அண்ணாச்சி: அதுக்கும் அதே முதலாளிதானம்மா?

கவிதா: தெரியும். அதான் நம்பரையெல்லாம் நோட்டுலயும் எழுதி வைக்கிறேன். அதுல இன்னொரு சிக்கல், என் நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் செய்தி போகும். நீங்க பண்ணியிருக்கீங்களா?

அண்ணாச்சி: என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? முதல் ஆர்டர் குடுத்த அன்னிக்கே பண்ணிட்டேன்.

(கவிதா சோதனைக்கு அழைக்கிறாள். மேசைமேல் அண்ணாச்சியின் போன் அதிர்கிறது.)

கவிதா: அண்ணாச்சி, ‘காலண்டர் பாக்கி 4,200’ன்னு யாரோ கூப்பிடுறாங்க.

அண்ணாச்சி: எடுத்துப் பேசும்மா. எப்பத் தருவாங்கன்னு கேளு.