நீர்க்கட்டி என்ற சொல்லோடு எனக்குள்ள வழக்கு

என் சித்தி மகளுக்குப் பதினாறு வயதில் மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனபோது எடுத்த ஸ்கேன் அறிக்கை, பத்து ஆண்டுகள் கழிந்தும் சித்தி வீட்டு பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. அதன் அடியில் பேனாவால் வட்டமிட்டிருந்த, சினைப்பைக் கோளாறு ஒன்றைக் குறிக்கும் ‘பிசிஓடி’ என்ற நான்கு எழுத்தை அன்று முதல் நாங்கள் ‘நீர்க்கட்டி’ என்றே சொல்லி வந்தோம். வரன் பார்க்கும்போது இதைச் சொல்லிவிடுவதா, சொல்லாமல் இருப்பதா என்று சித்தியும் சித்தப்பாவும் பல இரவுகள் பேசியிருக்கிறார்கள். திருமணமாகி இரண்டு ஆண்டாகியும் விசேஷம் இல்லை என்றானபோது, காரணம் என்ன என்று யாரும் கேட்கவே இல்லை. காரணம்தான் ஏற்கெனவே பீரோவில் இருக்கிறதே.

நான் மருத்துவர் அல்ல. ஆனால் அவளோடு மருத்துவமனை வராந்தாக்களில் உட்கார்ந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. இந்த நோய் செய்யும் தொல்லையில் ஒரு பங்கை ‘நீர்க்கட்டி’ என்ற பெயரே செய்கிறது.

ஏனென்றால் அங்கே கட்டி எதுவும் இல்லை. ஸ்கேனில் சினைப்பையின் ஓரத்தில் முத்துக்கோவை போலத் தெரிபவை, கருமுட்டையைத் தாங்கிய சின்னஞ்சிறு நுண்பைகள். வழக்கமாக ஒவ்வொரு மாதமும் இவற்றில் சில வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 18 முதல் 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓடி அல்லது பிசிஓஎஸ் எனப்படும் இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு இன்சுலினும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்எச் ஹார்மோனும் மிகுந்து, சினைப்பையை ஆண்மை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. அதனால் நுண்பைகள் பத்து மில்லிமீட்டரைக்கூட எட்டாமல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. மோவாயில் முளைக்கும் முடியும், விலக்கு தள்ளிப்போவதும், கருத்தரிக்கத் தாமதமாவதும் இந்த ஒரே குழப்பத்திலிருந்து வருபவை. பின்கழுத்தில் படரும் கருமை, இன்சுலின் மிகுதியை வெளியே காட்டும் அடையாளம். முட்டை இல்லாமல் போகவில்லை. நாள் பார்த்து வெளிவருவதில்லை, அவ்வளவுதான்.

1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த நோய் மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. சினைப்பையிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்த பிறகு அந்தப் பெண்களுக்கு விலக்கு சீரானது, இருவர் கருவுற்றனர். கண்ணுக்குத் தெரிந்த பைகளை வைத்து அன்று இட்ட பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் மட்டும் போதாது என்று 2003இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் வகுத்துவிட்டார்கள்: முறையற்ற விலக்கு, ஆண்மை ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலோ, வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. அந்த வயதில் நுண்பைகள் நிறைய இருப்பது இயல்பு. அப்படிப் பார்த்தால், பத்து ஆண்டுகளாக எங்களை ஆட்டிவைத்த அந்த அறிக்கையை வைத்து அன்று எதையும் முடிவு கட்டியிருக்கவே கூடாது.

கட்டி என்று பெயர் வைத்துவிட்டால் அதைக் கரைக்கத்தானே தோன்றும்? கழற்சிக்காய்ப் பருப்பையும் மிளகையும் இடித்த பொடியை மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தாள் சித்தி. அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போக அரை நாளாகும். நானும் ஒரு முறை குடித்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் மாத்திரை போட்டு விலக்கு வந்ததும், கரைந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. மாத்திரையால் வரவழைத்த விலக்கு முட்டை வெளிவந்ததற்குச் சாட்சி ஆகாது என்பதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதற்காக அந்த மாத்திரையை வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. மாதக்கணக்கில் விலக்கு இல்லாமல் கருப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போவது ஆபத்து.

பிறகு போன ஒரு கருத்தரிப்பு மையத்தில், முதல் சந்திப்பிலேயே சோதனைக்குழாய் முறைக்கான கட்டணப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அவள் கணவரின் விந்துப் பரிசோதனை அதுவரை நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவும் இல்லை. பிசிஓஎஸ் மட்டுமே காரணம் என்றால், உணவும் நடையும் சேர்த்துக்கொண்டு முதலில் கொடுக்க வேண்டியது முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் என்ற மாத்திரை. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்திய ஆய்வில், அதே வேலைக்கான பழைய மாத்திரை குளோமிபீனை எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. நம் நாட்டிலோ 2011இல் லெட்ரோசோலைக் குழந்தையின்மைக்குத் தரக்கூடாது என்று தடை விதித்து, 2017இல்தான் விலக்கிக்கொண்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து என்பதால் பெயரைத் தேடிப் பார்ப்பவர்கள் இன்றும் மிரளுகிறார்கள். அவளும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் என்னை அழைத்து அழுதாள்.

இப்போது வேறொரு மருத்துவரிடம் காட்டுகிறோம். அவர் முதலில் கணவருக்குத்தான் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் குறை ஒன்றும் இல்லை. அடுத்து அவளுக்கு ஐந்து நாள் மாத்திரை. முதல் இரண்டு மாதங்களில் ஒன்றும் வளரவில்லை. போன மாதம் பதினான்காம் நாள் ஸ்கேனில், வலப்பக்கச் சினைப்பையில் ஒன்று மட்டும் 19 மில்லிமீட்டருக்கு வளர்ந்திருந்தது. வராந்தாவிலிருந்தே போன் போட்டு அந்த எண்ணை நான் படித்துச் சொன்னதும், மறுமுனையில் சித்தியின் குரல் உடைந்தது.

“ஐயோ, அப்போ கட்டி இன்னும் பெருசாயிடுச்சா?”