வயலின் இல்லாத விண்மீன் இரவு

ஓவியங்களிலிருந்து பிறந்த தந்தி இசைப் படைப்புகளை (வயலின் போன்ற தந்திக் கருவிகளுக்கானவை) பட்டியலிட்ட உங்கள் கட்டுரை அருமை. ஆனால் அந்தப் பட்டியலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆன்ரி துத்தியோவை எப்படி விட்டீர்கள்? ஓவியர் வான்கோ 1889இல் வரைந்த 'விண்மீன் இரவு' ஓவியத்தை வைத்து 1978இல் ஒரு ஆர்கெஸ்ட்ரா படைப்பைத் தந்தவர் அவர். முழுத் தந்தி இசை இல்லைதான், சரி. ஆனாலும் தந்திகளை அவர் கையாண்ட விதம்தான் இங்கே விஷயமே. வயலினும் கிடையாது, அதைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும் கிடையாது! தாழ்ந்த குரல் கொண்ட பெரிய தந்திக் கருவிகளான செல்லோக்கள் 12, இசை நடத்துநரைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்திருக்கும், கூடவே இன்னும் தாழ்ந்து ஒலிக்கும் டபுள் பேஸ்கள். உச்சியில் புல்லாங்குழல்கள் சுழலும், அடியில் இவை உறுமும். நடுவில் வழக்கமாக வயலின்கள் நிரப்பும் இடம் காலி. ஓவியத்தில் ஊருக்கும் வானத்துக்கும் இடையே தலைசுற்ற வைக்கும் அந்த வெளி இருக்கிறதே, அதைத்தான் பிடித்திருக்கிறார். இசையில் நிலா எங்கே, சைப்ரஸ் மரம் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான்.

பிற்பாடு செல்லோக்களுக்கு மட்டும் ஒரு இடைப்பகுதி எழுதிச் சேர்த்தார். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அப்புறம், தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பேஸ் பாதி காதிலேயே விழாது.