எல்லாம் தெரியும் என்கிறார்கள்

மதியம் இரண்டு மணி. சித்திரை வெயிலில் தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. பக்கத்து வீட்டு முகப்பில் சங்கிலி தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு எட்டு, அப்புறம் நின்றுவிடும். சங்கிலியின் நீளமே அவ்வளவுதான். ஐந்து நாளாக இந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே கட்டியிருப்பது ஹஸ்கி நாய். சைபீரியாவில் பனிமேல் வண்டி இழுக்க வளர்த்த இனம். உடம்பு முழுக்க இரண்டு அடுக்கு மயிர். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதைக் கொண்டுவந்து, காரைக்குடிப் பக்கத்தில், நாற்பது டிகிரியைத் தொடுகிற வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டிப்போட்டிருக்கிறார்கள். குட்டியாக வந்த புதிதில் வீட்டு நடுவிலிருக்கிற வளவில்தான் படுத்துக் கிடந்தது. ஆத்தங்குடித் தரைக்கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, நாலு காலையும் பரப்பிப் படுக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த வீட்டில் குளிர்ச்சியான இடம் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. கல்லில் நகக்கீறல் விழுகிறது என்று முகப்புக்குத் துரத்திவிட்டார்கள்.

அந்த வீட்டைக் கட்டியவர்களை நினைத்தால், இப்போது இருக்கிறவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. வெயிலைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது! கனமான சுவர், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த பூச்சு, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல்கள், நடுவில் வானம் பார்த்த வளவு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். அந்த ஆத்தங்குடித் தரைக்கல்லைக்கூடச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. மனிதர் தங்குவதற்கு இத்தனை யோசித்த வீட்டின் வாசலில் ஒரு உயிர் இரைத்துக்கொண்டு கிடக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை.

"அண்ணே, இந்த இனம் நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காதுண்ணே" என்று போன வருடமே அந்த வீட்டு அண்ணனிடம் சொன்னேன். "தெரியும்ப்பா, எல்லாம் தெரியும்" என்றார். உண்மையிலேயே தெரியும். படித்த மனிதர். காரில் எந்த டயருக்கு எத்தனை காற்று என்று மனப்பாடமாகச் சொல்வார். தன் போன் வெயிலில் சூடானால் பதறி எடுத்து நிழலில் வைப்பார், பார்த்திருக்கிறேன். அதே அக்கறை மூன்றடி தள்ளிக் கிடக்கிற நாய்மேல் ஏன் வராது? இதுதான் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. தெரிந்து வைத்திருப்பதெல்லாம் மனிதனுக்குள் எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது?

சாப்பாடும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் மிஞ்சியதை எலும்போடு வழித்து ஊற்றுகிறார்கள். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் எவ்வளவு போகும் என்று சொல்லவே வேண்டாம். இரண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கக்கூடியவை. வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். அதையும் சொன்னேன். அதற்கும் அதே பதில், தெரியும்.

சரி, நாய் பாவம் என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுப் பையன், எட்டு வயது, பந்து எடுக்க அந்த முகப்புக்குள் போயிருக்கிறான். நாளெல்லாம் கட்டிக் கிடக்கிற நாய். பயந்தால் ஓடவும் வழியில்லை. முன்கையைக் கவ்விவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் அவன் அப்பத்தா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக் காயத்தில் அப்பிவிட்டார். அப்பத்தாவை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது அது. பக்கத்தில் பையனின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பட்டதாரி. உலகத்தையே கையில் போனாக வைத்திருக்கிற மனிதர், ஒரு குழாயைத் திறக்கத் தோன்றாமல் நின்றார்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். முதல் வைத்தியம் அதுதான். வெறிநாய்க்கடிக் கிருமியைச் சுற்றிக் கொழுப்புப் படலம் இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். நான்தான் பையனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் குழாயடியில் உட்காரவைத்துக் கழுவினேன். சுண்ணாம்பு பட்ட எரிச்சலில் அவன் அலறினான். கழுவி முடிப்பதற்குள் பின்னாலிருந்து எத்தனை குரல்! "வீட்டு நாய்தானே, ஒண்ணும் ஆகாது." "குரைக்கிற நாய் கடிக்காதுன்னு நெனச்சோம்." "ஒரு டிடி ஊசி போட்டா போதும்." டிடி என்பது இரண ஜன்னிக்குப் போடுகிற ஊசி, வெறிநாய்க்கடிக்கு எப்படிப் போதும்?

நாய்க்குத் தடுப்பூசி போட்ட புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். பத்து நிமிடம் தேடிக் கொண்டுவந்தார்கள். கடைசியாக ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டரை வருடம் பழையது. "வெளியவே போகாத நாய்க்கு எதுக்குப்பா வருசா வருசம்?" என்றார் அண்ணன். வெளியே போகாதுதான். தெருநாய் எல்லாம் அந்த முகப்புக் கம்பி வரை வந்து போகிறதே, அது கண்ணுக்குத் தெரியவில்லையா?

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலையில் ஒன்பது வயதுப் பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசியைப் போட்டுப் பிழைக்க வைத்தார். நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிறுவனம் வந்துவிட்டது. கிருமி நரம்பு வழியாக மெதுவாக ஊர்ந்து மூளைக்குப் போகிறது, அது போய்ச் சேர்வதற்குள் உடம்பைத் தயார் செய்துவிடலாம் என்பதால்தான் கடித்த பிறகு போட்டாலும் ஊசி காப்பாற்றுகிறது. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! நோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். அப்படியும் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 140 வருடத்துக்கு முன்னால் பாரிசில் தெரிந்தது, இன்றைக்கு எங்கள் தெருக் குழாயடி வரை வந்து சேரவில்லை. வைரவன்பட்டியில் வைரவருக்கு வடைமாலை சாத்தி, வாகனமாக நிற்கிற கல் நாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. மின்வேதியியல் ஆய்வகமும் பல்கலைக்கழகமும் இருக்கிற ஊர் வேறு. பக்தியும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. கடிபட்ட பிள்ளைக்குச் சோப்பு எடுத்துத் தர ஆள் இல்லை.

அன்றைக்கே என் வண்டியில் கூட்டிப்போய் ஊசி போட்டோம். காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து செலுத்தினார்கள். மூன்றாம் நாள் ஊசியும் ஆயிற்று. அடுத்தது ஏழாம் நாள், நாளை மறுநாள். அப்புறம் கடைசி ஊசி வரைக்கும் ஒரு தேதி தவறக்கூடாது. "அதான் ரெண்டு போட்டாச்சே தம்பி" என்று பையனின் அப்பா நேற்றே ஆரம்பித்துவிட்டார். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அதனால் தினம் மூன்று வேளை நான் போய்ப் பார்க்கிறேன். தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, வாயில் நுரை தள்ளுகிறதா என்று. இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்தால் வாலை ஆட்டுகிறது. காலையில் நான் ஊற்றி வைத்த தண்ணீர்தான் அந்த வாளியில் கடைசி. இப்போது அது காய்ந்து கிடக்கும். போய் ஊற்றிவிட்டு, அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டப் போகிறேன்.