சாட்சி கெட்டது கேட்டுக்கு வெளிய இல்ல

மூணு நாளா எழுதறதும் அழிக்கறதுமா இருந்தேன். இன்னைக்குக் காலையில சபை வாட்ஸப் குரூப்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க. சரி, அங்க பேச இடம் இல்ல, இங்க பேசறேன்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கேட் கிட்ட என்ன நடந்துச்சுன்னு இதைப் படிக்கிற பாதிப்பேருக்குத் தெரியும். அதைத் திரும்ப விவரிக்கப் போறதில்ல, யார் பேரும் சொல்லப் போறதில்ல. சம்பளம் கேட்டு வந்து நின்ன அந்த அக்கா அழுததைப் பத்திக்கூட இப்ப பேசல. அவங்களைச் சுத்தி நின்னு "இங்க வந்து சத்தம் போடாதம்மா, நாலு பேர் பாக்கறாங்க, நம்ம சாட்சி கெட்டுப்போகும்"னு சொன்னாங்களே, அந்த வார்த்தை. அதுதான் மூணு நாளா தொண்டையில நிக்குது.

சாட்சி எப்பங்க கெட்டுச்சு? ரெண்டு மாசம் நம்ம சபைக்காரர் ஒருத்தர் வீட்டுல துணி துவைச்சு, பாத்திரம் தேச்சு, படுக்கையில கிடக்கற பெரியம்மாவைக் குளிப்பாட்டி விட்ட மனுஷிக்கு "பொருளை உடைச்சுட்ட, கழிச்சாச்சு"ன்னு சொல்லி சம்பளம் தராம அனுப்புனாங்களே, அன்னைக்கே கெட்டுச்சு. அவங்க கேட்டுக்கு வந்ததால ஒண்ணும் கெடல. ஏற்கனவே கெட்டுப்போனது அன்னைக்கு வெளிய தெரிஞ்சுது, அவ்வளவுதான். தெரிஞ்சதுக்குத்தான் நமக்குக் கோவம், நடந்ததுக்கு இல்ல.

நம்ம சபைகள்ல சாட்சின்னா மைக் புடிச்சு நம்மளைப் பத்தி நாமளே சொல்றது. வியாதி சுகமாச்சு, வேலை கிடைச்சுது, விசா கிடைச்சுது. தப்புன்னு சொல்லல, நானும் அந்த மைக் முன்னாடி நின்னு அழுதுக்கிட்டே சொல்லியிருக்கேன், அது பொய் இல்ல. ஆனா எந்தக் கோர்ட்லயாவது ஒருத்தன் வந்து நான் நல்லவன்னு தனக்குத் தானே சாட்சி சொன்னா எடுத்துக்குவாங்களா? சாட்சி பக்கத்துல இருந்து பார்த்தவங்க சொல்லணும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது சபையை நடத்துறவனுக்கு என்னென்ன தகுதி வேணும்னு ஒரு பட்டியல் போடறார், முதலாம் தீமோத்தேயு 3ஆம் அதிகாரம், எல்லா மூப்பர் பிரதிஷ்டையிலயும் வாசிக்கிறோம். அதுல கடைசியா 7ஆம் வசனம் என்ன சொல்லுது? "புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயும் இருக்கவேண்டும்." புறம்பானவர்களால! சபைக்கு வெளிய இருக்கறவங்களால! அப்ப ஞாயித்துக்கிழமை கேட்டுக்கு வெளிய நின்ன அந்த அக்கா யாரு? நீங்க துரத்தி விட்ட அவங்ககிட்டதான் பவுல் போய்க் கேக்கச் சொல்றார், இவர் எப்படிப்பட்டவர்னு.

அந்த அக்கா சொன்னாங்க. நம்ம யாருக்கும் கேக்கப் பிடிக்கல.

மல்கியா 3:10 நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு காணிக்கை, பண்டசாலை, வானத்தின் பலகணிகள். ஒவ்வொரு காணிக்கை நேரத்துலயும் கேட்டுக் கேட்டு சின்னப் பசங்ககூட சொல்லுவாங்க. அதே அதிகாரத்துல அஞ்சே வசனம் மேல போய்ப் பாருங்க, 3:5. சூனியக்காரர், விபசாரக்காரர், பொய்யாணை இடுறவங்க, இவங்களோட ஒரே வரிசையில கர்த்தர் யாரை நிறுத்தறார்னா கூலிக்காரரோட கூலியை அபகரிக்கிறவங்களை. ஒரே வரிசையில! நான் விசுவாசத்துக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு, இந்த வசனத்தை வச்சு ஒரு பிரசங்கம் கேட்டதில்ல. லேவியராகமம் 19:13 கூலிக்காரன் கூலி விடியற வரைக்கும்கூட உன்கிட்ட இருக்கக்கூடாதுங்குது. உபாகமம் 24 இன்னும் ஒரு படி மேல போய், பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடு, அவன் ஏழை, அதையே நம்பி இருக்கான், அவன் கர்த்தரை நோக்கி முறையிட்டா அது உனக்குப் பாவமாகும்னு சொல்லுது. இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில எஜமான் சாயங்காலம் ஆனதும் ஆளுங்களைக் கூப்பிட்டுக் கூலி குடுக்கச் சொல்றார் இல்ல, அந்த சாயங்காலம் சும்மா வரல, இந்தச் சட்டத்துல இருந்து வருது. ரெண்டு மாசம்ங்க. ஒரு ராத்திரி தாண்டக்கூடாதுன்னு சொன்ன இடத்துல ரெண்டு மாசம்.

இப்ப கமென்ட்ல என்ன வரும்னு எனக்குத் தெரியும். குரூப்லயே வந்துடுச்சு.

"குற்றவாளின்னு தீர்க்காதே பிரதர், மத்தேயு 7:1." இதை அனுப்புனவங்க மட்டும் பதினோரு பேர், எண்ணுனேன். அந்தப் பகுதியை அஞ்சாம் வசனம் வரைக்கும் வாசிங்க. முதல்ல உன் கண்ணுல இருக்கற உத்திரத்தை எடு, அப்புறம் உன் சகோதரன் கண்ணுல இருக்கற துரும்பை எடுக்க நல்லாப் பார்வை தெரியும்னு இயேசு சொல்றார். துரும்பைக் கடைசி வரைக்கும் எடுக்காதேன்னு சொல்லல. என் உத்திரத்தைப் பத்தி நானே கீழ சொல்றேன், அவசரப்படாதீங்க. அதுவும் போக, கூலி குடுக்காததைக் கூலி குடுக்கலன்னு சொல்றது தீர்ப்பா? நாலு பேர் முன்னாடி நடந்ததை நடந்துச்சுன்னு சொன்னா அது தீர்ப்புன்னா அப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாகிட்ட போய் அவர் பாவத்தை முகத்துக்கு நேரா சொல்லியிருக்கவே கூடாது.

"சபைக்குள்ள பேசியிருக்கணும், மத்தேயு 18." பேசினேன். ஞாயிறு சாயங்காலம் அந்த சம்பளம் தராதவர் வீட்டுக்குத் தனியாப் போனேன், வாசல்லயே நிக்க வச்சு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டார். திங்கக்கிழமை இன்னொரு அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன், கதவு திறக்கல. குரூப்ல கேட்டேன், நீக்கிட்டீங்க. மத்தேயு 18ல இன்னும் எத்தனை படி மிச்சம் இருக்கு? சொல்லுங்க, ஏறுறேன்.

"கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம், கிரியையினால இல்ல." ஆமா. எபேசியர் 2:8, 9. நற்கிரியை செய்யறதுக்காகவே நாம சிருஷ்டிக்கப்பட்டோம்ங்கற பத்தாவது வசனத்தையும் சேத்துப் படிங்க.

"அவர் எவ்வளவு ஜெபிக்கிறவர் தெரியுமா, விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கிறவர்." தெரியும், மதிக்கிறேன், மனசார சொல்றேன். ஆனா 'அமேசிங் கிரேஸ்' பாட்டு எழுதின ஜான் நியூட்டன் கதையை நம்ம பாஸ்டரே எத்தனை தடவை சொல்லியிருக்கார். 1748ல புயல்ல மாட்டி, தேவனை நோக்கிக் கூப்பிட்டு மனம் திரும்புனவர். அதோட கதையை நிறுத்திடறோம். அதுக்கு அப்புறம் 1754 வரைக்கும் அவர் அடிமைக் கப்பல்லதான் போனார், கேப்டனாவும் இருந்தார். மாலுமிகளைக் கூட்டி ஞாயிறு ஆராதனையும் நடத்தினார். மேல ஜெபம், கீழ் தளத்துல சங்கிலியில மனுஷங்க. அதுல என்ன தப்புன்னு அன்னைக்கு அவருக்கே உறைக்கல. 1788லதான், அறுபது வயசு தாண்டி, நான் இதைச் செஞ்சேன், வெக்கப்படறேன்னு எழுதி அச்சடிச்சு எல்லாருக்கும் தெரியப்படுத்தினார். ஜெபம் உண்மையா இருந்தாலும் கீழ் தளத்துல ஆள் கட்டிக் கிடக்க முடியும்னு இதுல இருந்து எனக்குப் புரியுது. எனக்கு பயமா இருக்கு, நம்ம வீட்டுக் கீழ் தளத்துல யார் இருக்காங்கன்னு நம்மள்ல எத்தனை பேர் இறங்கிப் பாத்திருக்கோம்.

நான் பாத்த கதையைச் சொல்றேன். நாங்க இருந்த அடுக்குமாடியில ஒரு வாட்ச்மேன் அண்ணன். நாலு வருஷம் அந்த கேட்டைத் திறந்து மூடினவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் அவருக்கு ஒரு கைப்பிரதி குடுப்பேன், அதைப் பெரிய ஊழியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நாலாவது வருஷம் அவர் வாங்கிக்கிட்டு, கோவமே இல்லாம சொன்னார், "சார், போன வருஷமும் இதேதான் குடுத்தீங்க. என் பேர் என்னன்னு ஒரு தடவை கேளுங்க சார்." எனக்கு அவர் பேர் தெரியாது. நாலு வருஷம். அவர் பொண்ணு அந்த வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, மொத்த பில்டிங்குக்கும் தெரிஞ்சிருக்கு, கைப்பிரதி குடுத்த எனக்குத் தெரியல. இதுதான் என் உத்திரம். இப்பவும் நினைச்சா நெஞ்சைப் பிசையுது. அதனால யாரும் என்கிட்ட வந்து நீ யோக்கியமான்னு கேக்க வேண்டாம், நான் இல்ல.

ஆனா யோக்கியமா இருந்த ஒருத்தங்களை எனக்குத் தெரியும். நான் இயேசுவை ஏத்துக்கிட்டது எந்தக் கன்வென்ஷன்லயும் இல்ல. முதல் வேலையில சேந்த புதுசுல கணக்குல ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன், வேலை போற அளவுக்கான தப்பு. மேனேஜர் எல்லாரையும் நிக்க வச்சுக் கேக்கும்போது என் சீனியர் அக்கா ஒருத்தங்க, "அதை நான் சரி பாக்காம கையெழுத்துப் போட்டேன் சார், என் கணக்குல வச்சுக்கங்க"ன்னாங்க. அந்த வருஷம் அவங்களுக்கு வரவேண்டிய ப்ரமோஷன் வரல. அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்க மேஜையில ஒரு வசனம் இல்ல, எனக்கு ஒரு கைப்பிரதி குடுத்ததில்ல. ரெண்டு வருஷம் கழிச்சு நானா போய்க் கேட்டேன், அக்கா நீங்க ஏன் இப்படி இருக்கீங்கன்னு. அப்பதான் இயேசுவைப் பத்தி சொன்னாங்க. ரொம்ப நாள் கழிச்சு பிலேமோன் நிருபம் வாசிச்சேன், அதுல ஒநேசிமுங்கற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு, அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தா அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்னு பவுல் எழுதறார். அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த அக்காவைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் நான்தான் சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கேன், அவங்க இல்ல.

சரித்திரத்துலயும் அப்படித்தான் நடந்திருக்கு. கிறிஸ்தவர்கள்ங்கற பேரே அந்தியோகியாவுல மத்தவங்க நம்மளைப் பாத்து வச்ச பேர்னுதான் நிறைய அறிஞர்கள் சொல்றாங்க. ரோம ராஜா ஜூலியன்னு ஒருத்தர், கிறிஸ்தவத்தை விட்டு வெளியேறி அதை ஒழிச்சுக்கட்டணும்னு நின்னவர். 362 வாக்குல தன் பூசாரி ஒருத்தருக்குக் கடிதம் எழுதும்போது புலம்பறார், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்லுவார்) தங்களோட ஏழைகளை மட்டும் இல்லாம நம்ம ஏழைகளையும் சேத்து ஆதரிக்கிறாங்க, நம்ம ஆளுங்க நம்மகிட்ட இருந்து உதவி கிடைக்காம நிக்கறது எல்லாருக்கும் தெரியுதுன்னு. எதிரி வாயில இருந்து வந்த சாட்சி! அந்தக் கலிலேயர்கள் கேட்டை மூடிக்கிட்டு நாலு பேர் பாக்கறாங்கம்மான்னு சொல்லியிருந்தா ஜூலியனுக்குப் பொறாமைப்பட என்ன இருந்திருக்கும்?

குரூப்ல ஒரு பெரியவர் போட்டதையும் சொல்லிடறேன், ஏன்னா அதுதான் ரொம்ப வலிச்சுது. "இவர் நேத்து வந்தவர், பரம்பரை கிறிஸ்தவர் இல்ல, சபை ஒழுங்கு இவருக்குத் தெரியாது." ஐயா, நான் உங்களை அப்பான்னு கூப்பிட்டவன். என் வீட்டுல எல்லாரும் பேச்சை நிறுத்தினப்ப உங்க வீட்டுலதான் வந்து உக்காந்து அழுதேன், நீங்க என் தலையில கை வச்சு இனிமே நீ எங்க பிள்ளைன்னீங்க. அந்தப் பிள்ளை கூலி குடுங்கன்னு கேட்ட உடனே நேத்து வந்தவன் ஆயிட்டானா? கூலி குடுக்கணும்ங்கறது எங்க வீட்டுல பைபிள் வரதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எங்கம்மா இன்னைக்கும் சாமி கும்பிடறவங்க. வீட்டுல வேலை செய்ய வந்த யாரையும் இருட்டுறதுக்கு முன்னாடி கையில காசு குடுக்காம அனுப்பினதில்ல. உபாகமம் 24ஐ அவங்க வாசிச்சதே இல்ல. இதை எழுதறப்போ எனக்குக் கண்ணு கலங்குது, ஏன்னா அம்மாகிட்ட நான் பதினாலு வருஷமா இயேசுவைப் பத்தி சொல்லிக்கிட்டு இருக்கேன், இந்த வாரம் போன் பண்ணி என்னப்பா சபையில எல்லாம் நல்லாருக்கான்னு கேட்டாங்க, நல்லாருக்கும்மான்னு பொய் சொன்னேன்.

இன்னொண்ணு. என் நண்பன் ஒருத்தன், அவனை மூணு வருஷமாக் கூப்பிட்டு, போன ஞாயிறுதான் முதல் தடவையா வந்தான். நான் செருப்பு மாட்டிக்கிட்டு வெளிய வரதுக்குள்ள அவன் கேட் கிட்ட நின்னு எல்லாத்தையும் பாத்துட்டான். ராத்திரி ஒரே ஒரு மெசேஜ், "இதுக்குத்தான் கூப்பிட்டியா?" உங்களால தேவனோட நாமம் புறஜாதிகளுக்குள்ள தூஷிக்கப்படுதுன்னு ரோமர் 2:24ல இருக்கு, அதை எப்பவும் யாரோ யூதர்களுக்கு எழுதினதாத்தான் வாசிச்சிருக்கேன். அவனுக்கு இன்னும் பதில் போடல. என்ன போடறது? எல்லாரும் அப்படி இல்லடான்னா? அவன் பாத்தது எல்லாரையும்தான். ஒருத்தர் சம்பளம் தரல, மத்த எல்லாரும் சுத்தி நின்னோம். நானும் நின்னேன். அந்த அக்கா கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு நாற்காலியில உக்கார வச்சிருக்கலாம், அதைக்கூட நான் செய்யல.

யாரும் பரிபூரணர் இல்லன்னு சொல்லி முடிச்சுடுவீங்க. பரிபூரணத்தை யாருங்க கேட்டா? இயேசுவைத் தன் வீட்டுல ஏத்துக்கிட்ட வரி வசூலிக்கற சகேயுகிட்ட யாரும் கேக்கல. அவரா எந்திரிச்சு நின்னு, அநியாயமா வாங்கினதை நாலத்தனையாத் திருப்பித் தரேன்னார். நாலு மடங்கு வேண்டாம். உடைஞ்ச பொருளோட கணக்கும் வேண்டாம். அந்த ரெண்டு மாச சம்பளத்தை அவங்க வீட்டுக்குப் போய் கையில குடுத்துட்டு, தப்பாயிடுச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு அப்புறம் இந்தப் பதிவை எடுக்கச் சொன்னா அந்த நிமிஷமே எடுத்துடறேன்.

கமென்ட்ல வசனம் போட வர்றவங்க போடுங்க, தடுக்கல. அதுக்கு மேல ஒரு வரி மட்டும் சேத்துப் போடுங்க, அந்த அக்காவுக்கு இன்னைக்கு சம்பளம் போய்ச் சேந்துச்சா இல்லையான்னு.