கம்ப்யூட்டர் புனிதராம்!

க்ரூப்ல வந்த அந்த போஸ்டர பத்தி ஒரே ஒரு வரிதான் போட்டேன், அதுக்கே எத்தனை பேருக்கு எவ்ளோ கோபம்! "ஃபோன நல்லா யூஸ் பண்ணா நீங்களும் புனிதர் ஆகலாம்"னு 15 வயசுல செத்துப்போன இத்தாலி பையன் கார்லோ அகுதிஸ் படத்தோட போடுவீங்க, நான் ஹார்ட் போட்டுட்டு போயிடணும்.

ஏங்க, கம்ப்யூட்டர் தெரியும்ங்கறதுக்காகவா 2025 செப்டம்பர் 7 அன்னிக்கு போப் லியோ அந்த பையனுக்கு புனிதர் பட்டம் கொடுத்தாரு? அப்போ ஐடி கம்பெனில பாதிப் பேருக்கு பீடம் கட்டணுமே. 7 வயசுல புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்குனவன், அப்புறம் தினம் பூசை, தினம் ஜெபமாலை, வாரா வாரம் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை). எப்பவும் இயேசுவோட சேர்ந்திருக்கறதுதான் என் வாழ்க்கைத் திட்டம்னு சொன்னவன். வெப்சைட் செஞ்சதே நற்கருணைப் புதுமைகள, அதாவது பூசைல இயேசுவோட உடலா வாங்குற அப்பத்துல நடந்த அற்புதங்கள தொகுத்துப் போடத்தான். வீடியோ கேம் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்னு தனக்குத்தானே கட்டுப்பாடு வச்சிருந்தான், இத போஸ்டர்ல போட்டீங்களா? மாட்டீங்க.

"அப்போ டெக்னாலஜியே வேணாமா?"ன்னு ஒருத்தர். நான் எப்போங்க அப்படி சொன்னேன்? இதையே ஃபோன்லதான் டைப் பண்ணிட்டிருக்கேன். "இப்படி சொன்னாத்தான் பசங்க வருவாங்க"ன்னு இன்னொருத்தர். வந்தாங்களே! ஆராதனைல எல்லாரும் முழந்தாள்ல இருக்கோம், முன்வரிசைல ஒருத்தன் தன் மூஞ்சியும் நற்கருணை வச்சிருக்கற கதிர்ப்பாத்திரமும் ஒண்ணா விழுற மாதிரி ஆங்கிள் பாத்து, சரியா வரலன்னு அழிச்சுட்டு திரும்ப எடுக்கறான். நற்கருணைய விட்டுட்டு கார்லோவ காட்டுனா இதுதான் நடக்கும்.

என் பொண்ணு ஸ்கூலுக்கு முன்னாடி காலைப் பூசைக்கு போறா. "மடத்துல சேக்கப் போறீங்களா, படிப்பு என்னாகும், யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போய் காட்டுங்க"ன்னு சொந்தக்காரங்களே சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, அவ பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா, ஒண்ணும் பேசல, ஷூ லேஸ அவிழ்த்து திரும்பக் கட்டுனா. அதே ஆளுங்க ஸ்டேட்டஸ்ல இப்போ கார்லோ! இத்தாலில அசிசி ஊர்ல ஜீன்ஸும் ஷூவுமா கண்ணாடிக் கல்லறைக்குள்ள படுத்திருக்கற புள்ள புனிதர், உங்க வீட்டுக்குள்ள நடமாடுற புள்ளைக்கு கோளாறா? கார்லோவோட அம்மாவே பூசைக்குப் போற பழக்கம் இல்லாதவங்கதான், மகனாலதான் திரும்பி வந்தாங்க. அவங்களும் இப்படி கேலி பண்ணியிருந்தா?

2006 அக்டோபர்ல கார்லோவுக்கு லுகேமியா, ரத்தப் புற்றுநோய், கண்டுபிடிச்ச கொஞ்ச நாள்லயே 12ஆம் தேதி போயிட்டான், 15 வயசு. அந்த வலிய போப்பாண்டவருக்காகவும் திருச்சபைக்காகவும் ஒப்புக்கொடுத்தான். அந்த பெட்ல அவனுக்கு எந்த கம்ப்யூட்டர் கைகொடுத்துச்சு?

"நீங்க எல்லாத்தையும் ரொம்ப சீரியஸா எடுத்துக்கறீங்க"ன்னு ஃபாதர் வரைக்கும் போய் சொன்னவங்களுக்கு: ஆமா, எடுத்துக்கறேன். மிச்சத்த நாளைக்கு காலைப் பூசை முடிஞ்சு பேசலாம், வாங்க. பெஞ்சு பாதி காலியாத்தான் கிடக்கும், இடத்துக்கு கவலையே வேணாம்.