செவப்புக் கோட்ட அழிச்சா தப்பு போயிடுமாடா?

ராத்திரி ஒன்னே முக்காலுக்கு போன் அடிக்குது. எடுத்தா சப்போர்ட்ல இருக்குற பையன். "அண்ணா, நம்ம ஆன்லைன் கடையில டிபன் பாக்ஸ் ஒன்னு 49,950 ரூபான்னு காட்டுதாம், கஸ்டமருங்க கிழிக்கிறாங்க"ன்னான். தூக்கக் கலக்கத்துல "ஏன், தங்கத்துல பண்ணுனதா"ன்னு கேட்டுட்டேன். 499 ரூபா டிபன் பாக்ஸுங்க அது. மூணு அடுக்கு, எவர்சில்வர். டெலிவரி சார்ஜ் 50. மொத்தம் 549 வரணும், அவ்ளோதான். ஒன்னாப்பு புள்ள கூட்டிரும், நம்ம சிஸ்டத்தால முடியல.

நெறைய பேர் தொகையப் பாத்துட்டு பயந்து ஷாப்பிங் கார்ட்ட மூடிட்டுப் போயிட்டாங்க. ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடி இல்லாம பின் நம்பரப் போட்டு கட்டியே முடிச்சுட்டாரு. காலைல அவரு மகன் போன்ல பேசுன பேச்ச இங்க டைப் பண்ண முடியாது. தப்பும் சொல்ல முடியாது, அப்பாவோட பென்ஷன் காசு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், சொன்னா ப்ரோகிராம் எழுதத் தெரியாதவனுக்கும் புரியும். பேக்எண்ட்ல இருந்து, அதாவது பின்னாடி டேட்டாவ வச்சிருக்குற சர்வர்ல இருந்து, விலை "499"ன்னு ஸ்ட்ரிங்கா வருது, அதாவது எண்ணு இல்ல, வெறும் எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்ல எழுத்தோட 50ஐ கூட்டுன்னா கூட்டாது, பக்கத்துல ஒட்ட வச்சிரும், "49950" ஆயிடும். அதோட விட்டுச்சா? காச வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வேக்கு பைசாவுல அனுப்பணுமேன்னு அடுத்த லைன்ல 100ஆல பெருக்குறோம். பெருக்கல்னு வந்ததும் அதே ஜாவாஸ்கிரிப்ட் நல்ல புள்ளையா எழுத்த எண்ணா மாத்திக்கிட்டு 49,95,000 பைசான்னு சுத்தமான நம்பரக் குடுக்குது, கேட்வேயும் ஒரு வார்த்த கேக்காம வாங்கிக்குது.

"டெஸ்டிங்ல எப்படிடா தப்பிச்சுது"ன்னு கேப்பீங்க. இங்கதான் வயிறு எரியுது. டெஸ்ட் பண்ற அக்கா எப்பவும் 100 ரூபா கூப்பன் போட்டுத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, ஏன்னா அந்த ஸ்பிரிண்ட்ல, அதாவது அந்த ரவுண்டுல, வேலையே கூப்பன்தான். கூப்பன்னா கழித்தல். கழித்தல் வந்தாலும் எழுத்து எண்ணாயிடும், "499"ல 100 போச்சுன்னா 399, அதோட 50 சேந்தா 449. அம்சமா இருக்கு, பாஸ். கூப்பன் இல்லாம வாங்குற அப்பாவி மனுஷனுக்கு மட்டும் ஒட்டுக் கணக்கு. கூட்டுனா ஒட்டும், கழிச்சா கழியும், என்ன மொழிடா இது. 1995ல பத்தே நாள்ல செஞ்ச மொழின்னு சொல்லிச் சொல்லி முப்பது வருஷமா அத மன்னிச்சுட்டு இருக்கோம்.

சரி, மொழி அப்படித்தான். அதுக்குன்னுதான டைப்ஸ்கிரிப்ட் வச்சிருக்கோம், எது எண்ணு எது எழுத்துன்னு டைப் சொல்லி எழுதுற ஜாவாஸ்கிரிப்ட்? 2012ல மைக்ரோசாஃப்ட் வெளிய விட்டது, டர்போ பாஸ்கல், சி ஷார்ப் எல்லாம் செஞ்ச ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் கை வச்சது, வேலையே இந்த மாதிரி கூத்த கோடு எழுதும்போதே புடிக்கிறதுதான். புடிச்சுதுங்க! அதான் எனக்கு ஆத்தாமையே! பேக்எண்ட் அண்ணன் மூணு வாரம் முன்னாடியே விலைய ஸ்ட்ரிங்னு மாத்தி, எந்த ஃபீல்டு என்ன டைப்புன்னு சொல்ற ஸ்கீமாவுலயும் ஒழுங்கா எழுதிட்டாரு. அவரு பக்கம் நியாயம் இருக்கு, காசக் கொண்டு போயி ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல போட்டா 0.1உம் 0.2உம் கூட்டுனா 0.30000000000000004னு வரும், அதனால புள்ளி வச்ச தொகைய ஸ்ட்ரிங்காவே அனுப்புறது ஊரு உலகத்துல உள்ள வழக்கம். அந்த ஸ்கீமாவுல இருந்து எங்க டைப் ஃபைல் தானா ஜெனரேட் ஆகும். ஆச்சு. ஆனதும், கோட்ட சரி பாத்து மாத்திக் குடுக்குற கம்பைலர் அந்தக் கழித்தல் லைன்ல செவப்புக் கோடு போட்டுச்சு, இது ஸ்ட்ரிங்கு, இதுல கழிக்க முடியாதுன்னு. பெருக்கல் லைன்லயும் போட்டுச்சு. பட்டப்பகல்ல, எடிட்டர்ல, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி.

நம்மாளு என்ன பண்ணான்? மேல ஆர்டர் ஆப்ஜெக்ட் வர்ற எடத்துல "ஆஸ் எனி"ன்னு ரெண்டே வார்த்த, அதாவது இது எதுவா வேணா இருக்கட்டும், செக் பண்ணாதன்னு அர்த்தம். செவப்பு போச்சு. கமிட் மெசேஜ் "பில்டு ஃபிக்ஸ்". ரிவ்யூல மூணு பேர் கட்டை விரலத் தூக்கிக் காட்டிருக்கானுங்க.

ஏன்டா தம்பி இப்படிப் பண்ணுனன்னு கேட்டா அவன் சொன்ன பதில்ல நான் ரெண்டு நிமிஷம் வாயத் தொறக்கல. "அண்ணா, ரெக்வயர்மென்ட் டாகுமென்ட்ல அமௌன்ட் நம்பர்னுதான் போட்டிருக்கு, அதான் டூல்ல ஏதோ பிரச்சனன்னு நெனச்சேன்." அந்த டாகுமென்ட் யாரோ மூணு வருஷம் முன்னாடி வேர்டுல அடிச்சு வச்சது, அடிச்சவரு கம்பெனியிலயே இல்ல. மெஷினு தெனம் படிச்சு சரி பாக்குற ஸ்கீமா ஒன்னு சொல்லுது, எவனும் தொறக்காத வேர்டு ஃபைல் ஒன்னு சொல்லுது, இவன் வேர்டு ஃபைல நம்பிருக்கான். அவன மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், அவன் சேந்தப்ப கையில குடுத்ததே அந்த ஃபைலதான்.

காலைல மீட்டிங். காரணம்: "மனிதத் தவறு". தீர்வு: "இனிமே கவனமா இருப்போம்". நான் விடல, ஸ்ட்ரிக்ட் மோட ஆன் பண்ணுவோம், எனி போட்டா பில்டே ஆகக் கூடாதுன்னு வைப்போம்னேன். டீம் லீடு உடனே "ஸ்பீடு போயிரும்". ராத்திரி ஒன்னே முக்கால்ல இருந்து விடிகாலை அஞ்சு வரைக்கும் நான் ஒருத்தன் ஒக்காந்திருந்தேனே, அது என்ன ஸ்பீடு?

அப்பதான் மூலையில இருந்து ஒரு அறிவாளி ஆரம்பிச்சாப்ல. "டைப் செக்கிங்ல எல்லாம் ஒன்னும் ஆகாது ப்ரோ, ஏரியன் 5 ராக்கெட்டு ஏடாவுல எழுதுனதுதான, எவ்ளோ ஸ்ட்ரிக்டான மொழி, வெடிக்கலயா?"

யோவ், வெடிச்சது எதனாலன்னு முழுசா படிச்சியா? 1996 ஜூன் 4, மொதல் ஏரியன் 5, மேல நாலு சாட்டிலைட்டு, 40 செகண்டுல முடிஞ்சு போச்சு. 64 பிட் ஃப்ளோட்ட 16 பிட் இன்டிஜரா, அதாவது பெரிய டப்பாவுல இருக்குற எண்ண சின்ன டப்பாவுக்கு, மாத்துற எடத்துல எண்ணு கொள்ளல. இந்த மாதிரி ஆபத்தான வேரியபிள் ஏழு இருந்துச்சு, நாலுக்கு பாதுகாப்புப் போட்டுட்டு மூண அப்படியே விட்டுட்டாங்க, ஏன்னா ராக்கெட்டுல அந்தக் கணக்கப் போட்ட கம்ப்யூட்டரோட லோடு 80 சதவீதத்தத் தாண்டக் கூடாதுன்னு ஒரு டார்கெட்டு. ஸ்பீடு! அங்கயும் அதே ஸ்பீடு! பழைய ராக்கெட்டு ஏரியன் 4ல இருந்து வந்த கோடு அது, அதுல அந்த எண்ணு அவ்ளோ பெருசா வராதுன்னு கணக்குப் போட்டு விட்டது, அது ஏரியன் 4க்கு சரிதான். புது ராக்கெட்டு போற பாதையே வேற, ஆனா அந்தப் பாதையோட டேட்டாவ அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யணும்னு எழுதி வச்ச ஸ்பெசிஃபிகேஷன்லயே சேக்கல. விசாரண ரிப்போர்ட்லயே இருக்கு. பேக்கப் கம்ப்யூட்டர் ஒன்னும் இருந்துச்சு, அதுலயும் அதே சாஃப்ட்வேர்தான், அது இன்னும் கொஞ்சம் முன்னாடியே படுத்துருச்சு. இதுல கொடுமை, அந்தக் கோடு கெளம்புறதுக்கு முன்னாடி மட்டும் தேவப்படுற கோடு, மேல ஏறுனப்புறம் அதுக்கு ஒரு வேலையும் கெடையாது. ஆக, மூணு எடத்துல செக்க வாய மூட வச்சதாலதான்யா வெடிச்சுது, நீ என்னடான்னா செக் பண்றதே வேஸ்ட்டுங்குற.

செவ்வாய்க்கு அனுப்புன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999ல தொலஞ்சு போனது, அது இன்னும் நம்ம கதை. த்ரஸ்டர்ங்குற சின்ன இன்ஜினோட தள்ளு கணக்க நியூட்டன் செகண்ட்ல குடுக்கணும்னு ஸ்பெசிஃபிகேஷன்ல இருந்துச்சுங்க, பேப்பர்ல தெளிவா இருந்துச்சு. பூமியில இருந்த சாஃப்ட்வேர் பவுண்ட் செகண்ட்ல குடுத்துச்சு, 4.45 மடங்கு வித்தியாசம். வாங்குன பக்கத்துக்கு அது வெறும் நம்பரு, என்ன நம்பருன்னு கேக்கத் தெரியாது. எங்களுக்கு ரூபாயா பைசாவான்னு தெரியாத மாதிரியே. எஃப் ஷார்ப் மாதிரி மொழியில அளவையும் டைப்போட சேத்து எழுதலாம், மீட்டரயும் அடியையும் கூட்டுனா கம்பைலரே கைய புடிச்சுக்கும். நாங்க ரூபாய்க்கு ஒரு டைப்பு, பைசாவுக்கு ஒரு டைப்புன்னு வைக்கலாம்னு நான் போன வருஷம் போட்ட டிக்கெட் இன்னும் பேக்லாக்ல கெடக்கு, ப்ரையாரிட்டி "லோ".

ஃபார்மல் ஸ்பெக், அதாவது டிசைன கணக்கு மாதிரி துல்லியமா எழுதி சரி பாக்குறதுன்னு வாயத் தொறந்தா "அதெல்லாம் பிஹெச்டிகாரங்களுக்கு"ன்னு ஒரு சிரிப்பு வேற. அமேசான் இன்ஜினியருங்க 2015ல ஒரு கட்டுரைல எழுதியிருக்காங்க, லெஸ்லி லாம்போர்ட் அதுக்குன்னே செஞ்ச டிஎல்ஏ ப்ளஸ்ங்குற மொழியில அவங்க டேட்டாபேஸ் டைனமோ டிபியோட டிசைன எழுதி ஓட விட்டப்ப, 35 ஸ்டெப் வரிசையா நடந்தா மட்டும் வெளிய வர்ற ஒரு பக்கு சிக்குச்சாம். எந்த டெஸ்டர் அக்கா 35 ஸ்டெப்ப யோசிச்சு எழுதுவாங்க? நான் ஒன்னும் டிபன் பாக்ஸுக்கு டிஎல்ஏ ப்ளஸ் எழுதுங்கன்னு கேக்கல. இருக்குற ஸ்கீமாவ நம்புங்கன்னுதான் கேக்குறேன்.

டைப்ஸ்கிரிப்ட்டும் ஒன்னும் யோக்கியம் இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஓட்டத் தொடங்குனா டைப் எல்லாம் காத்துல போயிரும், ஒன்னும் மிஞ்சாது. நெட்வொர்க்ல இருந்து வர்ற டேட்டா, அதாவது ஜேசான், நீ சொன்ன டைப்பு மாதிரியே இருக்குன்னு அது நம்பிக்கும், தொறந்து பாக்காது. முழுசா நிரூபிக்கக் கூடிய டைப் சிஸ்டம் எங்க நோக்கமே இல்லன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதனால வாசல்ல நின்னு ஒவ்வொரு ஃபீல்டையும் பாத்து உள்ள விடுற செக்க நாமதான் போடணும். பத்து லைன் கோடு. பெரியவர் காசு 49,950.

இத டைப் பண்ணிட்டு இருக்கும்போதே ஃபிக்ஸ் ரிவ்யூக்கு வந்திருக்கு. தொறந்தா, விலையத் தூக்கி, எழுத்த எண்ணா மாத்துற "நம்பர்" ஃபங்ஷன்ல போட்டிருக்கான். அந்த ஆஸ் எனி அப்படியே இருக்கு, எடுக்கல. அந்த ஃபங்ஷனுக்கு காலி ஸ்ட்ரிங் குடுத்தா 0 வரும், ஒன்னுமே இல்லங்குற "நல்" (null) குடுத்தாலும் 0 வரும், எர்ரர் வராது. அதாவது விலை காலியா ஒரு ஆர்டர் வந்தா அடுத்த வாரம் 50 ரூபா டெலிவரி சார்ஜுல டிபன் பாக்ஸ் இனாம். அதுக்குள்ள ரெண்டு கட்டை விரலு விழுந்தாச்சு, ஒன்னு லீடோடது. நான் "சேஞ்சஸ் ரெக்வெஸ்டட்" அமுக்கிட்டேன். இதோ போன் அடிக்குது, அவருதான்.