அம்மா போனில் விளம்பரத்தை நிறுத்திவிட்டேன்

மூன்று மாதம் முன்பு, குரோம்பேட்டை வீட்டில் சிலிண்டர் வரவில்லையென்று அம்மா கஸ்டமர் கேர் நம்பரை போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்து நின்றது ஒரு விளம்பரம். அது விளம்பரம் என்று சொல்லும் எழுத்து கடுகளவு. போனை எடுத்தவன் வாய்க்கு வாய் 'அம்மா' என்று பேசி, ஒரு ஆப்பை இறக்கவைத்து, ஓடிபி வாங்கி, 8,400 ரூபாயை எடுத்துவிட்டான். நான் வந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்வதற்குள் பணம் போய்விட்டது. "மொதல்ல வர்றது சரியாத்தானேப்பா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அன்றிரவு அம்மா சாப்பிடவே இல்லை.

மறுநாள் அவர் போனில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைப் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானையும் சேர்த்தேன். தேடலில் வரும் போலி விளம்பரங்களிலிருந்து தப்பிக்க விளம்பரத் தடுப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் மக்களுக்குச் சொன்னது.

பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஏரி, குப்பை என்று நம் பக்கத்துச் செய்திகளைத் தனியாளாக எழுதும் நண்பன் ஒருவன் இருக்கிறான். விளம்பரத்தைத் தடுத்துவிட்டுப் படிக்கிறோமே என்று அவனுக்குக் கோபம். "காபி குடிச்சிட்டு காசு குடுக்காம எழுந்து போற மாதிரிடா இது" என்றான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா பேப்பரில் வரி விளம்பரம்கூட விடாமல் படிப்பார். அவர் எதைப் படித்தார், எங்கே நிறுத்தினார் என்று அந்தப் பேப்பருக்குத் தெரியாது. இப்போது பல தளங்களில் பக்கம் திறப்பதற்குள்ளேயே என்ன போன், எந்த ஊர், முன்பு எதைப் பார்த்தோம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தின் விளம்பர இடத்துக்கான ஏலத்துக்குப் போய்விடுகிறது. முகம் தெரியாத நிறுவனங்கள் அதைப் பார்த்து விலை கேட்கின்றன. ஒரு நொடிகூட ஆகாது. ஏலத்தில் தோற்றவர்கள் கைக்கும் நம் விவரம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த விளம்பரம் இறங்கத் தின்கிற டேட்டாவும் நம் ரீசார்ஜ்தான். காபிக்கு இப்படி ஒரு விலை உண்டென்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை.

வணிகப் போட்டிச் சட்டப்படி தடுப்பான் சட்டவிரோதம் அல்ல என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த வழக்கில் இருந்த ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பான், பெரிய நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுடைய சில விளம்பரங்களை உள்ளே விடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் காவலுக்கு நிற்பவர் வருகிறவரிடம் காசு வாங்கலாமா?

சரி, நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துப் போடுபவன் அவன். அந்த உழைப்பை நான் தினமும் இலவசமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது தப்பு, அதை அவனிடமே ஒத்துக்கொண்டேன். இப்போது மாதம் 100 ரூபாய் அனுப்புகிறேன். அவன் தளத்துக்கு மட்டும் என் போனில் தடுப்பானை அணைத்துவைத்திருக்கிறேன். பதிலுக்கு ஒன்றுதான் கேட்டேன்: தானாக ஓடி அலறும் அந்த வீடியோ விளம்பரத்தை எடுத்துவிடு. அதில்தான் அதிகக் காசு வருகிறதாம். ரொம்ப யோசித்து, போன வாரம் எடுத்துவிட்டான்.

அம்மா போனில் எந்தத் தளத்துக்கும் விலக்கு கொடுக்கவில்லை. அவன் தளம் உட்பட.